செயல்சார் வலிப்பு: சிகிச்சையும் மருத்துவ அறமும் – முக்கியக் குறிப்புகள்

(செவிலியர், மருத்துவ முதுநிலை, உளவியல், சமூகப்பணித் தேர்வுகளுக்குப் படிப்போருக்காக)

இந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் வகுப்பில் முதலில் எழும் கேள்வி, “அப்ப இது நடிப்புதானே சார்?” என்பதுதான். இல்லை. இந்த ஒரு சொல் விடையை மனதில் ஊன்றிக்கொண்டு மேலே படியுங்கள். கேள்வித்தாளில் கோட்டைவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். வார்டில் கோட்டைவிட்டால் ஒரு மனிதரின் பல ஆண்டுகள் போகும்.

பெயரும் வரையறையும்

• செயல்சார் வலிப்பில் கை கால் உதறும், ஆள் விழுவார், நினைவு தப்பும். பார்வைக்குக் கால்-கை வலிப்பு போலவே இருக்கும். ஆனால் கால்-கை வலிப்பில் மூளை நரம்பணுக்கள் மிகையாக, ஒரே நேரத்தில் மின்னூட்டம் வெளியிடும். இங்கே அது கிடையாது. உணர்ச்சி, கவனம், ‘என் உடல் என் வசம்’ என்னும் உணர்வு ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் மூளை வலையமைப்புகள் சற்று நேரம் இசைவிழக்கின்றன.

• பாசாங்கிலிருந்து வேறுபடுத்துக (அடிக்கடி கேட்கப்படுவது). விடுப்பு, இழப்பீடு போன்ற வெளி ஆதாயத்துக்காகத் தெரிந்தே செய்வது பாசாங்கு. நோயாளியாக இருக்கும் நிலையையே நாடித் தெரிந்தே உண்டாக்கிக்கொள்வது நோய்புனைவுக் கோளாறு. செயல்சார் வலிப்பு இரண்டிலும் சேராது. அது தன்னிச்சையின்றி வருவது.

• பழைய பெயர்கள்: ஹிஸ்டீரியா, ஹிஸ்டெரோ-எபிலெப்சி, போலி வலிப்பு, உளவழி வலிப்பு. ‘போலி’ என்ற பெயரை இன்று தவிர்க்கிறோம். பெயரே நோயாளியைப் பொய்யர் ஆக்கிவிடுகிறது. ‘உளவழி’ என்ற பெயரும் காரணத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதால் குறைந்துவருகிறது.

• ஐ.சி.டி.-10 குறியீடு: எஃப்44.5, விலகல்நிலை வலிப்பு. ஐ.சி.டி.-11 (2022 ஜனவரி முதல் நடைமுறை): 6பி60 தொகுதி, விலகல்நிலை நரம்பியல் அறிகுறிக் கோளாறு.

• 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தது. முதலாவது, மன அழுத்த நிகழ்வு ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. இரண்டாவது, நோயாளி நடிக்கவில்லை என்று மருத்துவர் நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. இரண்டாவதை நான் அறவியல் திருத்தம் என்றே சொல்வேன். வேறெந்த நோய்க்கும் ‘இவர் பொய் சொல்லவில்லை’ என்ற சான்றிதழ் கேட்பதில்லை.

வரலாற்றுக் குறிப்புகள்

• ஹிஸ்டீரியா என்னும் சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

• 1859: பாரிஸ் மருத்துவர் பியர் பிரிகே ஹிஸ்டீரியா பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆண்களுக்கும் வரும், மூலம் மூளையில்தான் என்றார்.

• ழான்-மார்ட்டின் ஷார்கோ (1825–1893): பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனை. இந்த நோயை நரம்பியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர். மாணவர்கள்: பாபின்ஸ்கி, பியர் ழானே. விலகல்நிலை என்னும் கருத்தை வளர்த்தவர் ழானே. சிக்மண்ட் பிராய்ட் 1885–86இல் சில மாதங்கள் ஷார்கோவிடம் பயின்றார். பிராயருடன் சேர்ந்து ஹிஸ்டீரியா ஆய்வுகளை 1895இல் வெளியிட்டார்.

• 1887: ஆந்த்ரே புருயே தீட்டிய ஓவியம். ஷார்கோ பாடம் நடத்துகிறார். மயங்கிச் சாயும் பெண்ணைப் பாபின்ஸ்கி தாங்கிப் பிடித்திருக்கிறார். எதிரே அறை நிறைய ஆண்கள். அந்தப் பெண் பிளான்ஷ் விட்மன். சால்பெட்ரியேரில் நோயாளிகளின் வலிப்பு நிலைகளைப் புகைப்படம் எடுத்துத் தொகுதிகளாகவும் வெளியிட்டார்கள். இதை ஓவிய வரலாற்றுக் குறிப்பாக மட்டும் படிக்காதீர்கள். படம் எடுக்க யார் அனுமதித்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. செல்பேசி வந்த பிறகு அதே கேள்வி நம் வார்டுக்குள் நிற்கிறது. கீழே அதற்கு வருவோம்.

• 1924: ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவுசெய்தார், 1929இல் வெளியிட்டார். இரண்டு வலிப்புகளையும் பிரித்தறியும் கருவி இதிலிருந்தே பிறந்தது.

எண்களில்

• ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் புதிதாகப் பாதிக்கப்படுவோர்: ஏறத்தாழ 1.4 முதல் 4.9 வரை.
• மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுவோரில்: சுமார் 20–30%.
• பெண்கள்: ஏறத்தாழ நால்வரில் மூவர். (பெண்களுக்கு மட்டுமே வரும் என்ற கூற்று தவறு.)
• கால்-கை வலிப்பும் சேர்ந்தே இருப்போர்: 2018 தொகுப்பாய்வின்படி சுமார் 22%.
• முதல் வலிப்பிலிருந்து சரியான நோயறிதல் வரை: 2002இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் சராசரி 7.2 ஆண்டுகள்.
• இறப்பு: 2020இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், பொது மக்களைவிட 2.5 மடங்கு. ‘உயிருக்கு ஆபத்தில்லாத நோய்’ என்று பழைய கையேடுகளில் இருக்கும் வரியை அடித்துவிடுங்கள்.

நோயறிதல்

• பொன் தரம்: வீடியோ-இ.இ.ஜி. வலிப்பு வரும் அதே நேரத்தில் காட்சியும் மூளை மின்னலையும் சேர்த்துப் பதிவாக வேண்டும்.

• சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு 2013இல் வகுத்த நான்கு படிகள்: சாத்தியம் – பெரும்பாலும் சாத்தியம் – மருத்துவ ரீதியாக நிலைநாட்டப்பட்டது – ஆவணப்படுத்தப்பட்டது. கடைசிப் படிக்கு மட்டுமே வீடியோ-இ.இ.ஜி. கட்டாயம். பெருநகரத்தில் மட்டுமே அந்த வசதி இருக்கும் நாட்டில் இந்தப் படிநிலை பெரிய உதவி. கருவி இல்லை என்பதற்காக வாயடைத்து நிற்க வேண்டாம். எந்த அளவுக்கு உறுதி என்பதை நேர்மையாகச் சொல்லலாம்.

• செயல்சார் வலிப்பின் பக்கம் சாயும் அறிகுறிகள்: கண்கள் இறுக மூடியிருத்தல், தலை பக்கவாட்டில் அசைதல், கை கால் அசைவுகளில் ஒத்திசைவின்மை, நின்று நின்று தொடர்தல், 2 நிமிடங்களுக்கு மேல் நீளுதல், வலிப்பின்போது அழுதல், நடந்தது ஓரளவு நினைவிருத்தல்.

• கால்-கை வலிப்பின் பக்கம் சாய்பவை: கண் திறந்திருத்தல்; நாக்கின் பக்கவாட்டில் கடி; முடிந்தபின் குறட்டை போன்ற மூச்சு, குழப்பம்; இ.இ.ஜி.யில் உறுதியான தூக்கத்திலிருந்து வலிப்பு தொடங்குதல்.

• இரண்டிலும் வரக்கூடியவை (பொறி வினா): அடிபடுதல், சிறுநீர் பிரிதல். ‘அடிபடவில்லை, ஆகவே நடிப்பு’ என்ற வாதம் இரு முறை தவறு.

• ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டக்கூடாது. மூளை முன்மடலில் எழும் கால்-கை வலிப்பு மிக விநோதமாக இருக்கும். தலையோட்டின் மேல் வைக்கும் மின்முனைகளுக்குப் பிடிபடாமலும் போகலாம்.

• வலிப்பில்லாத நேரத்தில் எடுத்த சாதாரண இ.இ.ஜி. இயல்பாக இருப்பது கால்-கை வலிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: சிறு அலை மாற்றங்களை மிகையாக வாசித்து, இல்லாத நோயை ஒட்டிவிடுவது. தவறான நோயறிதலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

• புரோலாக்டின்: வலிப்புக்குப் பின் 10–20 நிமிடங்களில் இரத்தத்தில் உயர்ந்திருந்தால் கால்-கை வலிப்புக்கு ஆதரவு. உயராததை வைத்து எதையும் விலக்க முடியாது.

• மார்கஸ் ருபர், ஷெஃபீல்டு: நோயாளி பேசும் விதத்தையே ஆராய்ந்தவர்களில் ஒருவர். கால்-கை வலிப்புள்ளவர் வலிப்பின்போது உள்ளே என்ன உணர்ந்தார் என்பதை விவரிக்க முயல்வார். செயல்சார் வலிப்புள்ளவர் எங்கே நடந்தது, யார் இருந்தார்கள், அதனால் என்ன இழப்பு என்பதையே பேசுவார். இதைக் கண்டறியக் கருவி தேவையில்லை. குறுக்கே பேசாத காது போதும்.

நோயைச் சொல்வதே முதல் சிகிச்சை

இந்தப் பகுதிக்கு மதிப்பெண் குறைவு. ஆனால் இதை விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் சிகிச்சை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடங்களில்தான்.

• சொல்லக்கூடாதவை: “உனக்கு ஒண்ணும் இல்லம்மா”, “எல்லாம் மனசுதான்”, “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போ”. ஏழாண்டு மாத்திரை விழுங்கிய பெண்ணிடம் ‘ஒன்றுமில்லை’ என்றால், அவள் காதில் விழுவது ‘நீ பொய் சொன்னாய்’ என்பதே. மாமியார் காதிலும் அதுவே விழும். வீட்டுக்குப் போனபின் அந்த ஒரு வரி அவளை என்ன பாடு படுத்தும் என்று சொன்னவர் யோசிப்பதில்லை.

• சொல்லவேண்டியவை, இந்த வரிசையில்: உங்களுக்கு வருவது உண்மையான நோய். அதற்குப் பெயர் உண்டு. நிறையப் பேருக்கு வருகிறது. இன்னின்ன சான்றுகளை வைத்துக் கண்டுபிடித்தோம் (வீடியோவை நோயாளிக்கே காட்டி விளக்கலாம்). மூளையில் கட்டியோ தழும்போ காரணம் இல்லை. இதற்குச் சிகிச்சை உண்டு. குணமாக வாய்ப்பும் உண்டு.

• மரபான ஒப்புமை: கணினியின் வன்பொருள் நன்றாக இருக்கிறது, மென்பொருள் சிக்கிக்கொள்கிறது. கிராமத்துப் பாட்டியிடம் இது எடுபடாது. வீட்டு வயரிங் சரியாக இருந்தும், தாங்கமுடியாத லோடு வந்தால் ஃபியூஸ் போவதில்லையா என்று கேட்டால் புரிந்துகொள்வார்.

• நோயை விளக்கிச் சொன்னதிலேயே சிலருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. நோயறிதலை ஏற்றுக்கொள்வது முன்னேற்றத்துக்கு வழி. ஏற்காதவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று கோப்பில் எழுதுவதற்குமுன், சொன்ன விதத்தைத் திரும்பிப் பாருங்கள்.

• ஜோன் ஸ்டோன், எடின்பரோ: செயல்சார் நரம்பியல் நோய்களை நோயாளிக்கு வெளிப்படையாக விளக்கும் முறையைப் பரப்பிய நரம்பியலாளர்.

சிகிச்சை

• முதல் தெரிவு: உளவியல் சிகிச்சை. அதில் அதிகம் ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

• கோட்ஸ் ஆய்வு (லான்செட் சைக்கியாட்ரி, 2020, தலைமை லாரா கோல்ட்ஸ்டைன், பிரிட்டன், 368 பேர்). இதன் முடிவை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். முதன்மை அளவீடான மாதாந்திர வலிப்பு எண்ணிக்கையில் 12ஆம் மாதத்தில் புள்ளியியல் முக்கியத்துவம் கொண்ட வேறுபாடு இல்லை. ஆனால் வலிப்பில்லாமல் தொடர்ந்து கழிந்த நாட்கள், வலிப்பு தரும் தொல்லை, அன்றாட இயக்கம் போன்ற பல துணை அளவீடுகளில் முன்னேற்றம். ‘சிகிச்சை தோற்றது’, ‘சிகிச்சை வென்றது’ இரண்டும் அரைகுறை விடை. நோயாளியிடமும் இதே நேர்மையுடன்தான் சொல்லவேண்டும்: வலிப்பு உடனே நிற்காவிட்டாலும் வாழ்க்கை கைக்குத் திரும்பலாம்.

• லாஃபிரான்ஸ் ஆய்வு (2014, அமெரிக்கா, 38 பேர்): இந்நோய்க்கென வகுத்த நடத்தைச் சிகிச்சை பெற்ற குழுவில் வலிப்பு 51.4% குறைந்தது, அதனுடன் செர்ட்ராலினும் பெற்ற குழுவில் 59.3%. செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களிடம் முக்கியத்துவமுள்ள குறைவு இல்லை. சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

• சிகிச்சையில் கற்றுத்தருவன: வலிப்புக்கு முன் வரும் அறிகுறிகளை இனங்காணல் (படபடப்பு, காது அடைத்தல், எல்லாம் தூரமாகத் தெரிதல்), மூச்சைச் சீராக்கல், காலடித் தரையையும் கையிலுள்ள பொருளையும் உணர்ந்து நிகழ்கணத்துக்குத் திரும்புதல், பயந்து ஒதுக்கிய இடங்களுக்கும் வேலைகளுக்கும் படிப்படியாக மீளுதல்.

• வலிப்பு மாத்திரைகள் செயல்சார் வலிப்புக்குப் பயன்படா. கால்-கை வலிப்பும் இல்லை என்று உறுதியானால் மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்து நிறுத்தவேண்டும். திடீரென நிறுத்தக்கூடாது, நோயாளி தானாக நிறுத்தவும் கூடாது.

• சிறுவர்களுக்கு விளைவு பெரியவர்களைவிட நன்று. நோயறிதல் தாமதமானால் விளைவு மோசமாகிறது.

• வலிப்பு வரும்போது: அருகிலுள்ள ஆபத்தான பொருட்களை அகற்று, தலைக்கு மென்மையாக எதையாவது வை, நேரத்தைக் குறி, அமைதியாகப் பேசு. அமுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவிக்கொத்து, இரும்பு வேண்டாம். எந்த வலிப்பு என்று தெரியாத நிலையில் 5 நிமிடம் தாண்டினால் 108.

அறவியல்

• நான்கு கோட்பாடுகள்: தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கிழையாமை, நீதி. பீச்சம், சில்ட்ரஸ், 1979. பெல்மான்ட் அறிக்கையும் 1979. நூரெம்பெர்க் நெறி 1947. ஹெல்சிங்கி பிரகடனம் 1964.

• உப்புநீர் ஊசி. இந்தப் பாடத்தின் நெஞ்சான கேள்வி இது. “இந்த மருந்து வலிப்பை வரவழைக்கும்” என்று சொல்லி வெறும் உப்புநீரை ஏற்றுவார்கள். வலிப்பு வந்தால் செயல்சார் வலிப்பு என்று முடிவு. ஆதரவு வாதம்: நோயறிதல் விரைவாகும், தேவையற்ற மருந்துகள் தவிரும். எதிர்வாதம்: பொய் சொல்லிப் பெற்ற ஒப்புதல் ஒப்புதலே ஆகாது, உண்மை வெளிப்படும் நாளில் நம்பிக்கை உடையும், நம்பிக்கைதான் இந்நோய்க்கு மருந்து. நோயாளி அறியாமல் போலி மருந்து தருவதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 2006இல் நெறிக்குப் புறம்பானது என்றது. மாற்று வழி கையிலேயே இருக்கிறது: வேகமாக மூச்சு இழுத்துவிடச் செய்தல், விட்டுவிட்டு ஒளி பாய்ச்சுதல். “இது உங்களுக்கு வரும் வலிப்பைத் தூண்டலாம், பதிவானால் நோயைக் கண்டுபிடிக்க உதவும்” என்று உள்ளதைச் சொல்லியே செய்யலாம். அப்படிச் சொல்லிச் செய்தாலும் பலருக்கு வலிப்பு வருகிறது. ஆகவே ஏமாற்றுக்கு நியாயமே இல்லை என்பது என் முடிவு.

• வலி கொடுத்துச் சோதித்தல். நெஞ்செலும்பை முட்டியால் அழுத்துவது, அம்மோனியா முகரச் செய்வது, மயங்கிக் கிடப்பவரின் கையைத் தூக்கி முகத்தின் மேலேயே விடுவது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அவசரப் பிரிவில், கண்ணை மூடி உதறிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணுக்கு இதில் இரண்டைச் செய்ததை அருகில் நின்று பார்த்தேன், நான் தடுக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது ஊழியர்கள் சிரித்தார்கள். அவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது பிறகு அவள் பேசியபோது தெரிந்தது. நினைவு முழுதும் தப்பாத வலிப்பு என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது. வலி தருவது நோயறிதல் முறை அல்ல, தண்டனை.

• அளவுக்கு மீறிய சிகிச்சையும் தீங்கே. நீண்ட செயல்சார் வலிப்பைத் தொடர் வலிப்பு என்று எண்ணி மயக்க மருந்தை மேன்மேலும் ஏற்றி, மூச்சுக்குழாய் வரை போவதுண்டு. தொடர் வலிப்பு மருந்துகளை ஒப்பிட்ட ஈசெட் ஆய்வில் (2019) சேர்க்கப்பட்டவர்களிலேயே சுமார் 10% பேருக்கு வந்தது கால்-கை வலிப்பு அல்ல என்று பின்னர் தெரிந்தது.

• வால்ப்ரோயேட். கருவுற்ற பெண் உட்கொண்டால் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு சுமார் 10%. வளர்ச்சிச் சிக்கல்கள் 30–40%. தேவையே இல்லாத ஒரு பெண்ணுக்கு, தவறான நோயறிதலால் இது ஆண்டுக்கணக்கில் தரப்படலாம். தீங்கிழையாமைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இதை எழுதுங்கள்.

• சாட்சிய அநீதி: மிராண்டா ஃபிரிக்கர், 2007. சொல்பவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது. இளம்பெண், படிக்காதவர், ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு இது முதலில் நேர்கிறது.

• கைவிடல். நரம்பியலாளர் “இது என் துறை இல்லை” என்பார்; மனநல மருத்துவர் “வலிப்பை நரம்பியலில் பாருங்கள்” என்பார். இரண்டு கதவுக்கும் நடுவே நோயாளி. சரியான விடை: மனநலச் சிகிச்சை தொடங்கி நிலைபெறும்வரை நரம்பியல் தொடர்பு நீடிக்கவேண்டும்.

• கடந்தகாலக் காயம். பாலியல் வன்முறை, புறக்கணிப்பு ஆகியவை இந்நோயாளிகளிடம் பொதுவினும் அதிகம், எல்லாரிடமும் இல்லை. ஆகவே கேட்கலாம், தோண்டக்கூடாது. உறவினர் முன்னிலையில் ஒருபோதும் கேட்கக்கூடாது. வீட்டில் கை ஓங்குபவரே துணைக்கு வந்தவராக இருக்கலாம்.

இந்தியச் சட்டங்கள்

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (1987 சட்டத்துக்கு மாற்று). பிரிவு 5: முன்கூட்டிய வழிகாட்டுதல். 14: நியமனப் பிரதிநிதி. 21: உடல்நோய்க்கு நிகரான நடத்துகை, காப்பீடு உட்பட. 23: இரகசியம். 24: சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரத் தடை. 95: சங்கிலியால் கட்டுதல் எவ்வகையிலும் கூடாது.

• பிரிவு 24ஐப் படிக்கும்போது சால்பெட்ரியேரை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் செல்பேசியில் எடுக்கும் வலிப்பு வீடியோ நோயறிதலுக்கு மிகவும் உதவும். எடுத்து வரச் சொல்லவேண்டும். அதே வீடியோ மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியச் சுற்றுவது வேறு விஷயம். நோயறிதலுக்குத் தந்த ஒப்புதல் பகிர்வதற்குத் தந்த ஒப்புதல் ஆகாது.

• ஏர்வாடி, இராமநாதபுரம் மாவட்டம், 2001 ஆகஸ்ட் 6: மனநலக் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். வலிப்பைப் பேய் என்றும் சாமி என்றும் எண்ணி வழிபாட்டிடங்களுக்குச் செல்வோரை ஏளனம் செய்து பயனில்லை. வேண்டுதலோடு மருத்துவமும் சேரட்டும் என்பதே நடைமுறை வழி. ஏர்வாடி தர்காவில் தமிழக அரசு கொண்டுவந்த தவா–துவா திட்டம் அந்த எண்ணத்தில் பிறந்ததே.

• சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா, உச்ச நீதிமன்றம், 2008: சிகிச்சைக்குமுன் போதிய தகவலுடன் ஒப்புதல். ஒரு சோதனைக்குத் தந்த ஒப்புதல் இன்னொரு சிகிச்சைக்குச் செல்லாது.

• போக்சோ, 2012, பிரிவு 19: 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தவறினால் பிரிவு 21இன்படி தண்டனை. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

• திருமணச் சட்டங்கள் (திருத்தம்), 1999: இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலிருந்து ‘கால்-கை வலிப்பு’ நீக்கப்பட்டது. இன்றும் பெண் வீட்டார் வலிப்பென்ற சொல்லையே மறைக்கச் சொல்வார்கள். “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது, ஃபைல்ல எழுதாதீங்க டாக்டர்” என்றால், மூன்றாமவருக்குச் சொல்லாதிருப்பது மருத்துவரின் கடமை. கோப்பில் பொய் எழுதுவது அல்ல. யாரிடம், எப்போது சொல்வது என்ற முடிவு அந்தப் பெண்ணுடையது, அப்பாவுடையது அல்ல.

• டெலி-மனாஸ்: 14416 (2022 அக்டோபர் 10 முதல்). குழந்தைகள் உதவி: 1098. பெண்கள் உதவி: 181.

வெளியேறும்போது கையில் தரவேண்டியது

• ஒரு பக்கக் கடிதம், நோயாளிக்குப் புரியும் தமிழில், அவர் ஒப்புதலோடு: நோயின் பெயர், எந்தப் படி வரை உறுதி, கால்-கை வலிப்பும் உண்டா இல்லையா, இருந்தால் இரண்டும் பார்வைக்கு எப்படி வேறுபடும், வலிப்பு வந்தால் அருகில் இருப்பவர் என்ன செய்யவேண்டும், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுவரவேண்டும், அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்கவேண்டும். நள்ளிரவில் 108இல் வரும் பணியாளரோ புதிய அவசரப் பிரிவு மருத்துவரோ முதலில் வாசிப்பது அந்தத் தாளையே. ‘இவர் உணர்வோடு இருக்கலாம், பேசுவது கேட்கும்’ என்ற வரியை அதில் மேலேயே எழுதுங்கள்.